மேலே இருக்கா, உள்ளே இருக்கா?

வலது கண்ணைத் தொட்டால் இடது கண் போய்விட்டது. சரி என்று இடது கண்ணைத் தொட்டால் வலது கண் போய்விட்டது.

பெட்டி என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதர் மவுஸை விட்டுவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதையே மறுபடியும் செய்தது.

“என்ன தம்பி, கையும் ஓடல, வாயும் ஓடல?” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியக்கா.

“ஒண்ணுமில்ல மேடம். சின்ன... இது.”

“சின்ன எது?”

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளறையில் இருந்தார். வெளியே, வரவேற்பு மேசையில், ஆட்சி நடத்தியவர் அவருடைய அக்கா. நோயாளிகள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாருக்கும் அவர் பெரியக்காதான். அவர் தலையாட்டாமல் ஒரு நாற்காலிகூட அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததில்லை. பெட்டிக்கு முன்னால் புரோகிராம் காட்ட வந்த வேறொரு கம்பெனி ஆளை, திரையில் ஒரே ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்ததை அறையின் அந்தக் கோடியிலிருந்தே பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இதைக் கேட்டதிலிருந்து பெட்டி தன் படிவத்திலிருந்த புள்ளிகளை மூன்று தடவை எண்ணிப் பார்த்திருந்தார்.

பெட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கம்ப்யூட்டர் திரையில் வரும் படிவங்களை வரைவது அவருடைய தொழில். எந்தப் படிவம் வரைந்தாலும் அதிலிருக்கும் பொத்தான்களை இனம் பிரித்து, இனத்துக்கொரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் அடைத்துவிடுவார். வீட்டில் செருப்புகளையும் அப்படித்தான் வைத்திருந்தார். ஆபீசில் ஆரம்பித்த பெயர் வீட்டுக்குப் போய், இப்போது மனைவியே கோபம் வந்தால் “இங்க பாருங்க பெட்டி” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

நேற்று மாலை முதலாளி அவரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

முதல் விஷயம் இது: “நாளைக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வாங்கினா உங்க பிரிவு இருக்கும். இல்லன்னா மூடிட்டு உங்களை நம்ம கண்காணிப்புக் கேமரா விற்பனைக்குப் போடறேன். பையில நாலு கேமராவைப் போட்டுக்கிட்டுக் கடை கடையா ஏறி இறங்க வேண்டியதுதான்.”

பெட்டி ஏற்கெனவே ஒருமுறை விற்பனைக்குப் போனவர். கேமரா விற்கப் போன கடையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அது ஓடவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலை பொத்தான்களை அடுக்குவது, அதைப் பிடுங்கிவிட்டால் தான் ஒன்றுமே இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

முதலாளி சொன்ன இரண்டாவது விஷயம்தான் வினை. “என்னய்யா இது, ஒரே கோடும் கட்டமுமா சிறைச்சாலை மாதிரி? இப்பல்லாம் சுத்தமா, வெள்ளை வெளேர்னு இருக்கணும். கட்டத்தை எல்லாம் எடுங்க.”

எடுத்தார். எடுத்ததால் வந்ததுதான் இந்தக் கண் தகராறு. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று வட்டப் பொத்தான்கள்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை, இயல்பு. வட்டப் பொத்தான்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே கட்டத்துக்குள் இருக்கும்வரை அவற்றில் ஒன்றுக்குத்தான் வாழ்வு. ஒன்றை அழுத்தினால் மற்றது அணைந்துவிடும். நேற்றுவரை கண்ணுக்கொரு கட்டம் இருந்தது, வலது தன் வீட்டிலும் இடது தன் வீட்டிலும் நிம்மதியாக இருந்தன. கட்டங்களை எடுத்ததும் ஆறு பொத்தானும் கூட்டுக் குடும்பமாகிவிட்டன. ஆறில் ஒன்றுதான் எரியும் என்று சட்டம் வந்துவிட்டது.

“சரி, ஆரம்பி. நிஜ ஆளை வச்சே பாத்துடலாம்” என்றார் பெரியக்கா.

“இப்பவேவா மேடம்? ஒரு பத்து நிமிஷம்...”

“ஆளுங்க காத்திருக்காங்க தம்பி.”

பெட்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தன்னைவிட இளையவர் ஒருவர் தன்னைத் தம்பி என்று கூப்பிட்டும் அவர் ரோஷப்படவில்லை. அதிகாரம் இருக்கிறவர்கள் யாரையும் தம்பி ஆக்கலாம் என்று விட்டுவிட்டார்.

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். பக்கத்து அறைக் கருவியில் அவரைச் சோதித்த நர்ஸ், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “வலது கிட்டப்பார்வை, இடது தூரப்பார்வை!” பெட்டி இரண்டையும் அழுத்தினார். சீட்டு அச்சாகி வந்தது. நர்ஸ் சீட்டையும் டிரைவரையும் உள்ளே கொண்டுபோனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“டாக்டரம்மா கேக்கறாங்க, இவருக்கு வலது கண்ணு உண்டா இல்லையான்னு.”

“ரெண்டும் இருக்குங்க!” என்று உள்ளேயிருந்து டிரைவர் கத்தினார். “ரெண்டையும் வச்சுத்தான் வண்டி ஓட்டறேன்!”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. திரைக்கு மேலே, சுவரில் எங்கேயோ பார்த்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சை அறையில் கண்காணிப்பாளர்கள் இப்படித்தான் எங்கேயோ பார்ப்பார்கள், ஆனால் எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

“என்ன பண்ணப் போறே?” என்றார்.

“சரி பண்ணிடறேன் மேடம்.”

“அது தெரியும். என்ன செய்யறியோ அதை வாயால சொல்லிக்கிட்டே செய். ஒண்ணு விடாம சொல்லணும். நான் கேட்டுட்டிருக்கேன்.”

வேலை செய்துகொண்டே பேசுவது பெட்டிக்கு வராத வித்தை. பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடும், கை ஓடினால் வாய் நின்றுவிடும். இருந்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார்.

“கோடு இல்லாத பெட்டி ஒண்ணு இருக்கு மேடம். பேனல்னு சொல்லுவோம். பாத்தா தெரியாது. அதை எடுத்து வலது கண்ணு இருக்கற இடத்துல வைக்கிறேன்... இழுத்துப் பெரிசாக்கறேன்... ஐயோ.”

“என்ன ஐயோ?”

“வலது கண்ணு மறைஞ்சிடுச்சு மேடம்.”

“முழுசாவா?”

“முழுசா.”

பேனல் பொத்தான்களின் மேல் போர்வை போல விழுந்து மூடியிருந்தது. ஒரு புள்ளிக்கே ஆளைத் திருப்பி அனுப்பியவர், ஒரு கண்ணே போனதற்கு என்ன சொல்வாரோ என்று பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“போகட்டும். அடுத்தது?” என்றார் பெரியக்கா.

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார் பெட்டி. அவருக்குத் தெம்பு வந்தது. “இந்தப் பேனலைப் பின்னால தள்ளறேன்... தள்ளிட்டேன். கண்ணு வந்தாச்சு மேடம்! இடதுக்கும் அதே மாதிரி ஒண்ணு. பின்னால தள்ளியாச்சு. பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு!”

“ம். அழுத்திப் பாத்தியா?”

அழுத்திப் பார்த்தார். வலதைத் தொட்டால் இடது போயிற்று.

பெட்டி திரைக்கு நாலு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தார். வலது கண்ணுக்கு ஒரு பேனல், இடது கண்ணுக்கு ஒரு பேனல், இரண்டிலும் மும்மூன்று பொத்தான்கள். ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகப் போட்டவருக்குப் பெட்டியே துரோகம் செய்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். கண்ணால பாத்தா பெட்டியிலதான் இருக்கு.”

“கண்ணால பாத்ததை விடு. பெட்டிக்கு மேல இருக்கா, உள்ள இருக்கா?”

இதென்ன கேள்வி என்று சொல்ல வாயைத் திறந்தார் பெட்டி. திறந்த வாய் மூடவில்லை. மெதுவாக மவுஸை நகர்த்தி, வலது பேனலின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பேனல் மட்டும் வந்தது. பொத்தான்கள் மூன்றும் அதே இடத்தில், வீடு போனது தெரியாமல், வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தன.

“மேல இருக்கு!” என்று அலறினார். “மேடம், மேலதான் இருக்கு! உள்ள இல்ல! சும்மா மேல வச்சா அது பெட்டியோட பிள்ளை ஆயிடாது. உள்ள போடணும்!”

“அப்ப போடு. அதை எதுக்குக் கத்தறே?”

உள்ளே போடுவதற்குச் சுருக்கு வழி, வெட்டி எடுத்து ஒட்டுவது. பெட்டி வெட்ட ஆரம்பித்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். ஒரு கையில் மவுஸ், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

“கையெழுத்து ஆச்சா?”

“ஆயிடும் சார். கண்ணுல ஒரு சின்னப் பிரச்னை. வலது கண்ணை வெட்டி எடுத்துட்டேன்.”

வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தவர் பத்திரிகையைக் கீழே இறக்கினார்.

“இப்ப வேற இடத்துல ஒட்டிட்டிருக்கேன். இடது கண்ணையும் வெட்டணும். கவலைப்படாதீங்க சார், இதுக்கு முன்னால எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கண்ணையும் தனித்தனிப் பெட்டியில போட்டுடறேன்.”

பத்திரிகையை இறக்கியவர் எழுந்து, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகமாக இருக்கிறதென்று யாரிடமோ சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

“எல்லாரும் உக்காருங்க!” பெரியக்கா குரலை உயர்த்தினார். “அது கம்ப்யூட்டர்ல இருக்கற கண்ணு. உங்க கண்ணுல யாரும் கை வைக்க மாட்டாங்க. போறவங்க போனா வரிசை போயிடும், சொல்லிட்டேன்.”

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பெட்டி ஆறு பொத்தான்களையும் ஒட்டி முடித்தார். அழுத்திப் பார்த்தார். வலது எரிந்தது, இடதும் எரிந்தது, இரண்டும் சண்டையில்லாமல் எரிந்தன. அவருக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஆள் ஒரு தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எதிரில் வருகிறவர்களும் தெரியவில்லை என்று வந்திருந்தார். பெட்டி பதமாக அழுத்திச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ் உள்ளே போனாள், திரும்பி வந்தாள்.

“ரெண்டு கண்ணும் இயல்புன்னு சீட்டு சொல்லுதாம். அந்தம்மா டாக்டரம்மாவுக்கே ‘வணக்கம் சார்’னு சொல்றாங்க.”

பெட்டி தலையில் கையை வைத்துக்கொண்டார். வெட்டி ஒட்டினபோது பொத்தானுக்கும் அதன் வேலைக்கும் இருந்த இணைப்பு அறுந்திருந்தது. பொத்தான் எரியும், ஆனால் எரிந்த சேதி யாருக்கும் போகாது. சேதி வராததால் புரோகிராம் ஆளுக்கு ஆள் ‘இயல்பு’ என்று தாராளமாக அச்சடித்தது.

“சொல்லிக்கிட்டே செய்” என்றார் பெரியக்கா.

“ஒவ்வொரு பொத்தானையும் அதோட வேலையோட திரும்ப சேத்து வைக்கிறேன் மேடம். வலது கிட்டப்பார்வை, சேத்தாச்சு. வலது தூரப்பார்வை, சேத்தாச்சு.” கல்யாணம் பண்ணி வைக்கிறவர் போல ஆறையும் அதனதன் துணையோடு சேர்த்து முடித்தார். தையல்காரம்மாவின் சீட்டு மறுபடி உள்ளே போயிற்று. இந்த முறை நர்ஸ் திரும்பி வரவில்லை. இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்?

பெட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையெழுத்துத் தாளைப் பையிலிருந்து பாதி வெளியே இழுத்தும் விட்டார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் வந்தார். வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டதாம், இருக்கிற இடதை மட்டும் பார்த்தால் போதும் என்றார். அதற்கும் பெட்டி வழி வைத்திருந்தார். ‘வலது கண் சோதனை வேண்டாம்’ என்று ஒரு சதுரம். அதில் டிக் செய்தால் வலது பேனல் மறைந்துகொள்ளும். பெருமையோடு டிக் செய்தார்.

வலது மறைந்தது. கூடவே இடதும் மறைந்தது. திரை முதலாளி ஆசைப்பட்டபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது.

“ஏன் மூச்சே காணோம்?”

“மேடம்... ரெண்டு கண்ணும் போயிடுச்சு.”

“எனக்கு ஒண்ணுதானே போச்சு?” என்றார் தபால்காரர் கவலையோடு.

பெட்டி டிக்கை எடுத்தார், இரண்டும் வந்தன. டிக் செய்தார், இரண்டும் போயின. கேமராப் பை கண்முன்னால் வந்து நின்றது. கடைக்காரர் ஒருவர் இன்னொரு சுவர்க் கடிகாரத்தை நீட்டினார்.

“மேடம், என்னை மன்னிச்சிடுங்க” என்றார். “காலையிலேர்ந்து பாத்துட்டிருக்கீங்க. நான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது. வேற ஆளைக்கூட...”

“அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். எது எதுக்குள்ள இருக்குன்னு வெளியிலேர்ந்து வரிசையா சொல்லு.”

படிவத்தில் எது யாருக்குள் இருக்கிறது என்பதைக் குடும்ப மரம் போலக் காட்டும் ஒரு பட்டியல், படிவம் வரைகிற புரோகிராமிலேயே உண்டு. பெட்டி அதைத் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தார். “வெளியில படிவம். அதுக்குள்ள வலது பேனல். வலது பேனலுக்குள்ள மூணு பொத்தான். அப்புறம் இடது பேனல், அதுக்குள்ள மூணு...”

“நில்லு. இடது பேனல் எதுக்குள்ள?”

“படிவத்துக்கு...” பட்டியலை உற்றுப் பார்த்தார். ஒரு வரி ஒரு எட்டு உள்ளே தள்ளி இருந்தது. “வலது பேனலுக்குள்ள! மேடம், போன் பேசிக்கிட்டே ஒட்டினதுல இடது பேனலையும் சேத்து வெட்டி வலதுக்குள்ள ஒட்டியிருக்கேன்! இடது கண்ணு வலது கண்ணுக்குப் பிள்ளையாயிடுச்சு. தாய் மறைஞ்சா பிள்ளையும் சேந்து மறையத்தானே செய்யும்!”

“பிள்ளையைத் தனிக்குடித்தனம் வை.”

வைத்தார். இடது பேனலை வலதின் மடியிலிருந்து பிரித்துப் படிவத்தின் கையில் கொடுத்தார். டிக் செய்தார். வலது மறைந்தது, இடது அசையாமல் நின்றது. தபால்காரரின் சீட்டு, ஒற்றைக் கண்ணோடு, கச்சிதமாக வெளியே வந்தது. தபால்காரர் அதை வாங்கி ஒரு தந்தியைப் போல மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பெட்டியைப் பிடிக்க முடியவில்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் கலந்து வந்தவர்கள், ஒன்றுமே இல்லாமல் துணைக்கு வந்து தங்களையும் சோதிக்கச் சொன்னவர்கள், பத்திரிகையை இறக்கியவர், அவர் பின்னால் அடுப்பை நினைத்தவர்கள் எல்லாருக்கும் சீட்டு. வாயால் சொல்லிக்கொண்டே அழுத்துவது பழகிப்போய், கடைசியில் ராகத்தோடு சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு சீட்டும் உள்ளேயிருந்து திரும்பவில்லை. நடுவில் நர்ஸ் மட்டும் எட்டிப் பார்த்து, “இவ்வளவு தெளிவான சீட்டை நான் பாத்ததே இல்லன்னு டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க” என்றாள். பெட்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கண் ஆஸ்பத்திரி என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வரிசை முடிந்ததும் தாளை மேசையில் விரித்தார்.

“மேடம், கையெழுத்து...”

“எங்க போடணும், விரலை வச்சுக் காட்டு.”

காட்டினார். பெரியக்கா பேனாவை எடுத்து ஒரே வீச்சில் போட்டார். கையெழுத்து, அதற்கென்று போட்டிருந்த கோட்டைத் தாண்டி, கம்பெனி விலாசத்தின் மேல் ஏறி, தாளின் ஓரம்வரை போய் நின்றது. பெரிய இடத்துக் கையெழுத்து கோட்டுக்குள் அடங்குமா என்று பெட்டி அதை ஆசையோடு பார்த்தார்.

முதலாளிக்கு அங்கேயே போன் போட்டார்.

“சார், கையெழுத்து வாங்கியாச்சு. பிரிவு இருக்கு. நானும் இருக்கேன். இனிமே என் படிவத்துல எனக்கு இஷ்டம் இருந்தா கோடு போடுவேன், கட்டம் போடுவேன். கேமராவை நீங்களே கொண்டுபோய் வித்துக்கங்க.”

மறுமுனையிலிருந்து “சரிங்க பெட்டி சார்” என்று வந்தது. சார்! பெட்டி போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பர் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். இருந்தும் ஒன்று கேட்காமல் போக மனசு வரவில்லை. ஒரு புள்ளிக்கு ஆளைத் திருப்பியவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைத்தால், அதைச் சட்டம் போட்டு வீட்டில் அந்த ஓடாத கடிகாரம் தொங்கும் ஆணியில் மாட்டலாம்.

“மேடம், தப்பா நினைக்கலன்னா... படிவம் எப்படி இருக்கு? பாக்கறதுக்கு?”

பெரியக்கா அவர் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“கண்ணுக்கு அப்படியே குளிர்ச்சியா இருக்கு தம்பி. ஒரு புள்ளிகூடத் தப்பில்ல.”

பெட்டி கைகூப்பினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். அவரைத் தாண்டிக்கொண்டு நர்ஸ் ஓடிவந்து, பெரியக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

“வாங்கக்கா, உங்க முறை வந்தாச்சு. காலையில கண்ணுல விட்ட மருந்துக்கு இன்னும் திரை எது சுவரு எதுன்னே தெரியாது, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வான்னு டாக்டரம்மா சொன்னாங்க.”